ஏரிக்கு ஓர் ஆள்

தாம்பரம் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது எங்கள் நகர். அதன் குடியிருப்போர் நலச் சங்கத்தின் முதல் தீர்மானப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. 1980களின் தொடக்கத்தில் சங்கம் பதிவானபோது என் அப்பாதான் செயலாளர். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கீழே முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று கோடு போட்டு நீல மையில் எழுதியிருக்கிறார். தெருவிளக்கு வேண்டும், ரேஷன் கடை வேண்டும், ஸ்டேஷனுக்கு பஸ் வேண்டும் என்று போகும் பக்கங்களுக்கு நடுவே ஒரு தீர்மானம் வருகிறது. ஏரி நிரம்பும்போது உள்வாய்ப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் ஏறுவதால், உபரி நீர் வழியும் கலங்கலின் உயரத்தை ஓரடி குறைத்துத் தருமாறு பொதுப்பணித் துறையைக் கேட்டுக்கொள்வது. ஏகமனதாக நிறைவேறியது என்று முடித்திருக்கிறார்.

அதே சங்கம் சில ஆண்டுகளுக்கு முன்பு இன்னொரு தீர்மானம் போட்டது. ஏரியைத் தூர் வாரி, கலங்கலைப் பழைய உயரத்துக்கே கட்டித் தருமாறு நீர்வளத் துறையைக் கேட்டுக்கொள்வது. இதுவும் ஏகமனதாகத்தான் நிறைவேறியது. உள்வாய்த் தெருக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் தீர்மானத்தை ஏற்று அரசு கலங்கலைக் குறைத்ததாக எந்தக் கோப்பும் இல்லை. ஆனால் மேல்வரிசைக் கற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எந்த இரவில், யார் கை பட்டு என்று கேட்டால் பழைய ஆட்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். இரண்டாவது தீர்மானத்துக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். 2019 கோடை. எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் காற்று ஊதின. ஒரு லாரித் தண்ணீருக்கு நாள்கணக்கில் காத்திருந்தோம். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் கொண்டுவந்தார்கள். செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த தலைமுறை, ரயிலில் தண்ணீர் வருவதைத் தொலைக்காட்சியில் பார்த்தது.

நாங்கள் குடிவந்தபோது இந்த ஏரிக்குக் கீழே வயல் இருந்தது. ஆயக்கட்டின் கடைசிக் காலம் அது. பாதி மனைக்கல்லும் பாதி நெல்லுமாக இருக்கும். சம்பா அறுத்த தாளுக்கு நடுவே சுண்ணாம்பு அடித்த கல் நிற்கும். அந்த வயலுக்குத் தண்ணீர் விட ஊரில் ஒருவர் இருந்தார். நீர்க்கட்டி என்பது அவர் பார்த்த வேலையின் பெயர். பிள்ளைகள் எங்களுக்கு அவர் நீர்க்கட்டி தாத்தா.

அவர் மதகு திறப்பதைப் பார்க்கவே நாங்கள் கரைக்கு ஓடுவோம். தண்ணீருக்குள் இரண்டு கருங்கல் தூண்கள். அவற்றுக்கு நடுவே துளை போட்ட குறுக்குக் கற்கள். துளை வழியாக இறங்கும் நீண்ட கம்பின் அடியில், மதகின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு மரக்கட்டை. தாத்தா கல்லின் மேல் காலை அகட்டி நின்று, கம்பைக் கொஞ்சம் தூக்கி முளையைச் செருகுவார். உடனே கரைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பார். வாய்க்காலில் தண்ணீர் எந்த அளவுக்கு ஏறுகிறது என்று ஒரு குச்சியை நட்டுப் பார்த்துவிட்டு வந்து, இன்னும் ஒரு விரற்கடை தூக்குவார், அல்லது இறக்குவார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்ற கணக்கு அவர் தலைக்குள் இருந்தது. ஏரியில் தண்ணீர் குறைந்தால் எல்லோருக்கும் குறையும். மேல்மடைக்காரர் எவ்வளவு பெரிய ஆளானாலும் கடைமடைக்கு முறை வரும்போது அவர் மடையை அடைத்துவிடுவார். அந்தக் கையில் இருந்த அதிகாரத்தை நான் பிறகு எந்த அலுவலரிடமும் பார்த்ததில்லை.

தண்ணீர் விடுவது அவர் வேலையில் ஒரு பங்குதான். புரட்டாசி பிறந்ததும் வரத்துக் கால்வாயில் கால் வைப்பார். மண் சரிந்த இடம், முள் அடைத்த இடம், யாரோ மாடு இறக்கக் கரையை வெட்டிய இடம் எல்லாவற்றையும் பார்த்து ஊருக்குச் சொல்வார். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வர வேண்டும். போக்குக் கால்வாயை அடுத்த ஏரிவரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வருவார். இந்தப் பக்கத்து ஏரிகள் எல்லாம் ஒன்றின் கோடி இன்னொன்றின் வரத்து. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கி இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேரும் தண்ணீர் இது. நடுவில் ஓர் இடத்தில் அடைத்தால் மேலே உள்ளவருக்கு வெள்ளம், கீழே உள்ளவருக்கு வறட்சி. இதை அவர் ஊரூராகப் போய்ச் சண்டை போட்டு நிலைநாட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய அன்று அவர் வந்து நின்றது நினைவிருக்கிறது.

"சார், கோடி போற வழி இது. கார்த்தியில தண்ணி இந்தப் பக்கமாத்தான் வரும்."

"அப்ரூவ்டு மனை பெரியவரே. பேப்பர் எல்லாம் சரியா இருக்கு" என்றார் அப்பா.

"பேப்பர் சரியா இருக்கும் சார். கடைக்காலை ரெண்டு அடி தூக்கிப் போடுங்க. தெக்கால மூணு அடி விட்டுக் கட்டுங்க, தண்ணி அது பாட்டுக்குப் போயிடும்."

அப்பா இரண்டும் செய்தார். பக்கத்து மனைக்காரர்கள் மூன்றடி விடவில்லை.

நீர்க்கட்டிக்குச் சம்பளம் கிடையாது. அறுவடையின்போது களத்துமேட்டில் ஒவ்வொரு நிலக்காரரும் ஏக்கருக்கு இத்தனை மரக்கால் என்று நெல் அளப்பார். வயல் மனையாக மாறினால் அந்த மனையில் நெல் விளையாது. விளையாத நெல்லில் யாரும் பங்கு அளக்கவும் மாட்டார்கள். அவரை வேலையிலிருந்து யாரும் நீக்கவில்லை. களம் குறைந்தது, மரக்கால் குறைந்தது, ஒரு வருஷம் எதுவுமே வரவில்லை. அவர் மகன் ஆட்டோ ஓட்டப் போனார். பல நூறு ஆண்டுகளாக இருந்த ஒரு பதவி, ஒரு ஆணைகூட இல்லாமல், யாருக்கும் தெரியாமல் ஒழிந்தது. எங்கள் தீர்மானப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. சங்கத்தின் பார்வையில் அது சங்கத்தின் விஷயமே அல்ல.

இங்கே உத்திரமேரூரைச் சொல்ல வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காக எல்லோரும் பெருமையோடு சொல்வது இவற்றைத்தான். அந்தச் சபை வாரியங்களை வைத்துக்கொண்டிருந்தது. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஏரிக்கென்று தனியாக ஆறு பேர், 360 நாளைக்கு. நிற்பதற்குத் தகுதி என்ன? இறையிறுக்கும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். முன்பு பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவர் மட்டுமா, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது.

நம் நலச் சங்கங்களின் துணைவிதிகளை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவு, தலைவர், செயலாளர், பொருளாளர், ஆண்டுப் பொதுக்குழு. உறுப்பினர் ஆக என்ன தகுதி? எங்கள் சங்கத்தில் சொந்த வீடு இருக்க வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து அந்தக் கல்வெட்டிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது சொந்த மனை விதியை மட்டும்தான். ஏரி வாரியத்தை விட்டுவிட்டோம். கணக்குக் காட்டாதவரின் உறவினர்கூட நிற்கக் கூடாது என்ற விதியையும் சௌகரியமாக விட்டுவிட்டோம்.

அந்தப் பழைய ஏற்பாட்டை அப்படியே தூக்கிக் கொண்டாடவும் எனக்கு மனசு வரவில்லை. உத்திரமேரூர்ச் சபை பிராமணர் சபை. வயலில் உழுதவருக்கும் கரையில் மண் சுமந்தவருக்கும் அதில் இடமில்லை. எங்கள் ஊரிலும் நீர்க்கட்டி ஊருக்கே தண்ணீர் பங்கிட்டார், ஆனால் பழைய வீடுகளின் திண்ணையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வாசலில் நின்றுதான் பேசுவார். பல ஊர்களில் இந்த வேலை தலித் குடும்பங்களிடமே இருந்திருக்கிறது. மராமத்துக்கு ஆள் கூப்பிட்டபோதும் வசதியுள்ளவர் வீட்டிலிருந்து கூலியாள் வந்தார், வசதியில்லாதவர் தானே வந்தார். 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போட்டு, ஊர் வழக்கமாகச் செய்துவந்த ஏரி வேலையை வற்புறுத்திச் செய்யவைத்தபோது அந்தச் சுமையும் அவர்கள் தோளில்தான் விழுந்தது. ஆகவே பழையதைத் திரும்பக் கொண்டுவா என்று நான் சொல்லவில்லை. அதில் ஒன்று சரியாக இருந்தது, அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். ஏரியைப் பார்ப்பதற்கென்று ஓர் ஆள் இருந்தார். அவர் சாப்பாட்டுக்கு எல்லோரும் பங்கு கொடுத்தார்கள்.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் 1 இரவு காட்டியது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஏரி நள்ளிரவுக்கு முன்பே கரை தட்டிவிட்டது. டார்ச்சை வைத்துக்கொண்டு கரையில் நூறு பேருக்கு மேல் நின்றோம். மேற்குப் பக்கம் கரையை வெட்டிவிடு என்று உள்வாய்த் தெருக்காரர்கள் கத்தினார்கள். வெட்டினால் கீழே நாங்கள் என்ன ஆவது என்று கீழ்த்தெருக்காரர்கள் குறுக்கே நின்றார்கள். வருஷக்கணக்காக ஒரே சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்கள் சட்டையைப் பிடிக்கும் நிலைக்கு வந்தார்கள். மதகைத் திறக்கலாம் என்று யாரோ சொன்னார். பழைய மரக்கட்டை போய் இரும்பு ஷட்டர் வந்து, அதுவும் துருவேறிக் கிடந்தது. திருகியைச் சுழற்றத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. திறந்திருந்தாலும் பயனில்லை, மதகிலிருந்து புறப்பட்ட வாய்க்காலின் மேல் அப்போது எங்கள் நான்காவது தெரு இருந்தது. கடைசியில் விடிகாலை ஒரு ஜேசிபி வந்து போக்குக் கால்வாயின் வாயில் அடைத்துக் கிடந்த கட்டட இடிபாட்டை அள்ளியது. தண்ணீர் வடியத் தொடங்கியது. அந்த இடிபாடு ஐப்பசிக்கு முன்பிருந்தே அங்கே கிடந்தது. காலையில் நடக்கப் போனவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தவர்கள்தான். பார்ப்பது தன் வேலை என்று இருந்த ஓர் ஆள் இல்லை, அவ்வளவே.

சென்னைக்கு இது புதிதல்ல. மயிலாப்பூரிலிருந்து மாம்பலம் பக்கம் நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, அங்கே நின்று பார்த்தால் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் 1976இல் திறக்கப்பட்டது. முகப்பேரில் வீட்டுவசதித் திட்டத்துக்கே ஏரித் திட்டம் என்று பெயர். எங்கள் ஏரி இன்னும் ஏரியாக இருப்பதே பெரிய பாக்கியம் என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கவலை.

இப்போது ஏரியைச் சுற்றி நடைபாதை வந்திருக்கிறது. கம்பிவேலி, சோலார் விளக்கு, உடற்பயிற்சிக் கருவிகள், செல்ஃபி எடுக்க ஓர் இடம். காலையில் நானும் நடக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைபாதைக்கு மண்ணை எங்கே கொட்டினார்கள்? ஏரிக்கு உள்ளே. வட்டம் சுருங்கி, கரைக்கு அழகு வந்தது. கழிவுநீர் விழும் குழாய்கள் நடைபாதைக்கு அடியில் மறைந்து, பார்வைக்குத் தெரியாமல் உள்ளே விழுந்துகொண்டே இருக்கின்றன. தண்ணீரில் ஆகாயத்தாமரை செழிப்பாக இருக்கிறதென்றால் அதற்குச் சாப்பாடு நம் வீட்டுக் கழிவறையிலிருந்து போகிறது என்று அர்த்தம். முக்குளிப்பானும் நாமக்கோழியும் இன்னும் வருகின்றன. விரால் போய்விட்டது, அழுக்கிலும் பிழைக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்திதான் மிச்சம்.

அந்தக் கெளுத்தியைப் பிடிக்க வரும் பையன்களைச் சங்கத்தின் காவலாளி விரட்டுகிறார். ஏரியில் இறங்கக் கூடாது என்று பலகை. கரைக்கு அந்தப் பக்கத்துக் குடிசைப் பிள்ளைகள் அவர்கள். ஏரியின் எந்த மூலையில் எவ்வளவு ஆழம், எந்த இரவில் எந்தக் கழிவுநீர் லாரி எங்கே வந்து குழாயை இறக்கியது என்று அந்தப் பையன்களுக்குத்தான் தெரியும். எங்கள் பொதுக்குழுவில் யாருக்கும் தெரியாது. வாடகைக்கு இருப்பவர்களும் இதே கிணற்றுத் தண்ணீரைத்தான் இறைக்கிறார்கள், 2015இல் அவர்கள் கட்டிலும் மிதந்தது. அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஏரி யாருடைய வீட்டுப் பத்திரத்திலும் இல்லாத சொத்து. அதைக் காக்க வீட்டுப் பத்திரம் கேட்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

நல்லதும் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கையுறையோடு வந்து பிளாஸ்டிக் பொறுக்கும் பிள்ளைகளை நான் மனசாரக் கும்பிடுகிறேன். 2019இல் சிட்லபாக்கத்து மக்கள் வாரக்கடைசி தோறும் ஏரிக்குள் இறங்கி வேலை செய்த பிறகுதான் அரசின் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆர்வம் பரீட்சை மாதத்தில் குறையும், மழைக்காலத்தில் நின்றுபோகும். ஏரிக்கு ஆள் தேவைப்படுவதோ சரியாக மழைக்காலத்தில். அரசிடம் விட்டுவிடலாமா? மதகைப் பார்க்க லஸ்கர் என்ற பணியிடம் துறையில் உண்டு. ஒருவரே பல ஏரிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்துத் திட்டத்தை அரசு மறுபடி தொடங்கியது. பாசனதாரர்கள் பத்தில் ஒரு பங்கு போட வேண்டும், பணமாகவோ உழைப்பாகவோ. நல்ல யோசனை. ஆனால் வயலே இல்லாத எங்கள் ஏரிக்குப் பாசனதாரர் எங்கிருந்து வருவார்? இன்றைக்கு இந்த ஏரியின் ஆயக்கட்டு எங்கள் கிணறுகள். பங்கு அளக்க வேண்டியவர்கள் நாங்கள்.

எங்கள் சங்கத்தின் வரவு செலவில் இரண்டு வாயில்களுக்கும் காவலாளிச் சம்பளம் உண்டு. சிசிடிவி பராமரிப்பு உண்டு. பொங்கல் விழா உண்டு, பூங்காவுக்குத் தோட்டக்காரர் உண்டு. ஏரிக்கு என்று ஒரு தலைப்பே இல்லை. இதைத்தான் வரும் பொதுக்குழுவில் மாற்றக் கேட்கப் போகிறேன். ஏரியைப் பார்க்க முழுநேரமாக ஓர் ஆள், மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, உட்கார நாற்காலி, செயற்குழுவில் பேசவும் ஓட்டுப் போடவும் உரிமை. மதகும் கலங்கலும் அரசுச் சொத்து, அவற்றில் அவர் கை வைக்கப் போவதில்லை. ஆனால் புரட்டாசியில் வரத்துக் கால்வாயை அவர் நடந்து பார்ப்பார். போக்குக் கால்வாயில் யார் இடிபாடு கொட்டினாலும் அன்றே எழுதி, படம் எடுத்து, பொறியாளருக்கு அனுப்புவார். இரவில் வரும் கழிவுநீர் லாரியின் எண்ணைக் குறிப்பார். கரை கசிந்தால் அவர் கண்ணில்தான் முதலில் படும். கரைக்கு அந்தப் பக்கத்துப் பையன்களில் ஒருவர் இந்த வேலைக்கு வந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். வாடகைக்காரர்களுக்கும் உறுப்பினர் உரிமை, கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி பதவி இல்லை என்ற விதி, இவை இரண்டும் அதே கூட்டத்தில் துணைவிதித் திருத்தமாக வர வேண்டும்.

சந்தா கூடும் என்பார்கள். கூடட்டும். 2019இல் ஒரு கோடைக்கு லாரித் தண்ணீருக்குக் கொடுத்த காசை ஒவ்வொருவரும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சென்னையைச் சுற்றி ஏரிக்கரையில் வீடு வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். நீங்களும் அவர்களில் ஒருவரானால், உங்கள் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். அதில் ஏரிக்கு ஒரு வரி இல்லையென்றால், அடுத்த பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள். புரட்டாசிக்கு முன்னால் கேளுங்கள்.